வாளில் ஏறிய உயிர்க்கை

யசோதரன் அண்ணனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். அதில் பாதி அவர் காதுபடவே. பின்னே என்ன? ஷஃபீக் அன்றைக்குச் சாயங்காலம் பிந்துலுவுக்கு விமானம் ஏறுகிறான். அங்கிருந்து கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடையில் வேலை. போனில் ஒரு கோடு சிக்னல் கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்கிறார்கள். இனி அவன் எங்களோடு ஆட வரப்போவதில்லை. அப்படிப்பட்ட கடைசி ஆட்டத்தில், மூன்று வருடமாக அவன் வளர்த்த கொம்பனை உப்புத் தூணாக்கப் பார்க்கிறார் மனிதர்!

ஆட்டம் என்றால் என்ன ஆட்டம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அம்மாவைப் போல நீங்களும் சூதாட்டம் என்று நினைத்துக்கொள்வீர்கள். "ஞாயித்துக்கிழமையானா போதும், மகாராணி தாயம் உருட்டக் கெளம்பிருவா" என்பது அம்மாவின் நிரந்தரப் புகார். தாயமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்போம். கதவை உடைக்கிறேன், ஓடுகிறேன், வெட்டுகிறேன் என்று நாங்கள் சொல்வோம். முடிந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். அவ்வளவுதான்.

லெபோ கார்னார்வன் தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஒரு மேசை நிரந்தரம். கீழே சாமிப்படம் சட்டம் போடும் கடை, மேலே பலகை விளையாட்டுகளும் ஐஸ் கோப்பியும். நாங்கள் நாலு பேர். கதை சொல்கிறவர் யசோதரன் அண்ணன். வக்கீல் ஆபீசில் தலைமைக் கிளார்க். அந்தப் புத்தி இங்கேயும் போகாது. வாயிலிருந்து வந்துவிட்டால் வந்ததுதான், மாற்றவே விடமாட்டார். தைப்பூசம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்ததால் அன்றைக்கு மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் சிந்துஜா, பல் டாக்டர், கதைக்குள் வில்லாளி. எதிரே ஷஃபீக், எங்களில் சின்னவன், கதைக்குள் மாமிச மலை கொம்பன். அப்புறம் நான், ரூபினி. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கதைக்குள் மின்னொளி.

எங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஊரைவிட்டுப் போனால், அவர் பாத்திரம் உயிரோடு இருக்கும் பட்சத்தில் கதையிலேயே தங்கிவிடும். தனேஷ் சிங்கப்பூருக்குப் போய் எவ்வளவோ காலமாகிறது. ஆனால் அவனுடைய திருடன் வௌவால் கதைக்குள் துறைமுகத்தில் ஒரு சத்திரம் நடத்துகிறான். நாங்கள் போகும்போதெல்லாம் திட்டிக்கொண்டே சோறு போடுகிறான். அன்றைக்கெல்லாம் தனேஷ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவே இருக்கும். செத்துப்போன பாத்திரம் என்றால் அதன் விவரம் எழுதிய தாளைக் கிழித்துவிடுவோம். ஜெயலெட்சுமியின் பாத்திரம் மலையிலிருந்து விழுந்து செத்தது. அடுத்த மாதம் அவள் ஈப்போவுக்கு மாறிப் போனாள். அவளைப் பற்றி நாங்கள் இப்போது பேசுவதுகூட இல்லை. அதனால் கொம்பன் உயிரோடு முடிப்பதா, தாள் கிழிவதா என்பது எங்களுக்குச் சாதாரண விஷயமில்லை. ஷஃபீக்குக்குச் சுத்தமாக இல்லை. வந்ததிலிருந்து அவன் வாங்கிய கோப்பியைத் தொடவே இல்லை.

"உசுரோட விட்டுட்டுப் போகணும்க்கா," என்று படியேறும்போதே என்னிடம் சொன்னான். "அவன் போயிட்டான்னா நானும் இங்க இல்லவே இல்லைங்கிற மாதிரி ஆயிரும்."

"நான் இருக்கேன்ல? சும்மா இருடா," என்றேன். பெரிய இவள் மாதிரி.

விஷயம் இதுதான். போன வாரம் கடலோரக் கோயில் ஒன்றில் உப்பரசி என்கிறவள் கொம்பனின் தோளில் கை வைத்துவிட்டாள். அவள் தொட்டவர்கள் அவளுக்கு அடிமை. காலிலிருந்து உப்பு ஏறிக்கொண்டே வரும். நெஞ்சுக்கு வந்தால் ஆள் தூண். அப்படிப்பட்டவனை வெறுங்கையால் தொட்டாலோ, தொட்டவருக்கும் உப்பு ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஒரே மருந்து மின்னொளிக்குத் தெரிந்த உயிர்க்கை என்ற மந்திரம். அதையும் அன்றைய தினத்துக்கு இரண்டே தடவைதான் அவளால் போட முடியும்.

உயிர்க்கை ஒரு தொடு மந்திரம். அதைத் தூரத்திலிருந்து ஏவ முடியாது. சொன்னதும் கைக்கு வந்து தங்கும். அதற்கப்புறம் அந்தக் கை முதலில் எதைத் தொடுகிறதோ அதற்குள் இறங்கிவிடும். நண்பனா சுவரா என்றெல்லாம் பார்க்காது. ஆனால் மின்னொளிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. கையில் இருக்கும் மந்திரத்தைத் தன் வாளில் ஏற்றுவாள். வாள் யார்மேல் பாய்கிறதோ அவருக்குள் மந்திரம் போகும். இதற்காகத்தானே நான் அவளைத் தேர்ந்தெடுத்தேன்! வாளில் மின்னலை ஏற்றி ஒரு முதலையை நான் சாய்த்த அன்றைக்குப் போட்ட சத்தத்தில், படக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார்.

ஆக, கொம்பனைத் தொடாமல் தொட எங்களிடம் வழி இருந்தது. மலை மாதிரி ஆள், ஒரு வெட்டு விழுந்தால் தாங்குவான். மந்திரம் உள்ளே போனால் பிழைப்பான். திட்டம் சுத்தமாக இருந்தது.

"கோயில் வாசல்ல நிக்கிறீங்க," என்றார் யசோதரன் அண்ணன். "உள்ள இருட்டு. உப்புக் காத்து வீசுது."

"வாசல்லயே மந்திரத்தைப் போட்டுக்கிறேன்," என்றேன். உள்ளே போய்ப் போட்டால் சண்டையில் என் முறை ஒன்று வீணாகும். "உயிர்க்கை இப்ப என் வலது கையில இருக்கு. உள்ள போனதும் வாளை உருவி ஏத்திருவேன்."

"சரி. எப்படிப் போறீங்க?"

"எப்படிப் போவாங்க? படியைத் தொட்டுக் கும்பிட்டு உள்ள போறேன்."

சிந்துஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யசோதரன் அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைத் துடைத்தாலே ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

"எந்தக் கையால தொட்டே?"

அலாமா! எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. பிறந்ததிலிருந்து கோயில் வாசல்படியை இடது கையாலா தொட்டிருக்கிறேன்? தண்ணீர்மலைக்கு ஏறினாலும் சரி, குவீன் ஸ்ட்ரீட் அம்மன் கோயிலுக்குப் போனாலும் சரி, குனிந்து வலது கையால் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பேன். அது நான் செய்வதில்லை, கை தானாகச் செய்வது. சொன்னதும் அப்படித்தான் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"வாசப்படிக் கல்லு பச்சையா மின்னுது," என்றார் அண்ணன். "வெடிப்புலேருந்து ஒரு தளிர் மொளைக்குது. ரொம்ப அழகா இருக்கு. கையில இருந்த மந்திரம் போச்சு."

"அண்ணே! அது பேச்சுக்குச் சொன்னது லா! கோயில்னா யாரா இருந்தாலும் அப்படித்தானே சொல்லுவாங்க!"

"கோயில்னா யாரா இருந்தாலும் தொடத்தான் செய்வாங்க. அதைத்தான் நானும் சொல்றேன்."

"கல்நெஞ்சுண்ணே உங்களுக்கு. கல்லு!"

"கல்லுக்கு இப்பத் தளிர் விட்டிருக்கு," என்றாள் சிந்துஜா. அவளைக் கொன்றுபோட்டிருப்பேன். ஷஃபீக் சிரித்தான், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டில் ஒன்றை ஒரு வாசல்படிக்குத் தானம் செய்துவிட்டேன். மிச்சம் ஒன்றுதான்.

உள்ளே போனோம். கோயில் நெடுக உப்புத் தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஆளாக இருந்தவை. கடைசியில் உப்பரசி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் கேடயமும் கதாயுதமுமாகக் கொம்பன். உப்பு அவன் இடுப்புவரை ஏறியிருக்கிறது.

"ஷஃபீக், நீ அவ ஆளு," என்று அண்ணன் எச்சரித்தார். "முழு பலத்தோட அடிக்கணும். வாய்விட்டு எந்தத் தகவலும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு சுத்துலயும் ஒரு தடவை உருட்டலாம். பதினெட்டோ அதுக்கு மேலயோ விழுந்தா, ஒரு நொடிக்குப் புத்தி உன் வசம் வரும். அந்த நொடியில என்ன வேணா செய்யலாம்."

ஷஃபீக் உருட்டினான். நாலு. வேறு வழியில்லாமல் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள்மேல் பாய்ந்தான். "மன்னிச்சுருக்கா," என்று சொல்லிக்கொண்டே பாய்ந்தான். தகவல் சொல்லக் கூடாது, மன்னிப்புக் கேட்கலாம் போலிருக்கிறது, அண்ணன் கண்டுகொள்ளவில்லை. நான் கடைசி உயிர்க்கையைப் போட்டு, மூச்சுவிடாமல், "வாளை உருவி அதுல ஏத்திட்டேன், வேற எதையும் தொடல, தரையைத் தொடல, சுவத்தைத் தொடல, சிந்துஜாவைத் தொடல!" என்று ஒப்பித்தேன்.

அடுத்த அடி எங்கே விழுந்தது தெரியுமா? கொம்பனின் கதாயுதம் என் வாளைத் தட்டிவிட்டது. எதிரி ஆயுதத்தைப் பறக்கவிடுவதில் அவன் கில்லாடி. அந்த வித்தையை அவனுக்கு எடுக்கச் சொல்லி யோசனை கொடுத்ததே நான்தான். வாள் பறந்து போய்க் கல் தரையில் ணங் என்று விழுந்தது.

"போச்சு," என்றாள் சிந்துஜா. "தரையைத் தொட்டுருச்சு."

"போகல!" நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். பக்கத்து மேசையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "கைன்னா பட்டாலே போயிரும். வாளு அப்படி இல்ல. வாள்ல ஏறின மந்திரம் அடி விழுந்தாத்தான் எறங்கும். சும்மா பட்டா எறங்காது. இல்லாட்டி உறையில போடறப்பவே போயிருமே! புத்தகத்தைப் பாருங்கண்ணே. பாத்துட்டுச் சொல்லுங்க."

யசோதரன் அண்ணன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். வேண்டுமென்றே மெதுவாகப் படிக்கிறாரோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரிதான்," என்றார். "மந்திரம் வாள்ல இருக்கு."

"ஹா!" என்று மேசையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். சிந்துஜாவின் வில்லாளி உருண்டு போய் வாளை எடுத்து என்னிடம் வீசினாள்; அவளுக்குப் பதினாறு விழுந்தது, கண்ணே பட்டுவிடும். வாள் கைக்கு வந்துவிட்டது. உப்பு கொம்பனின் விலா வரைக்கும் வந்திருந்தது.

"வெட்டிர்றேன்," என்று பகடையை எடுத்தேன்.

"இரு ரூபி," என்றாள் சிந்துஜா. பல்லைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எதையும் உற்றுப் பார்க்கிற பழக்கம். "அண்ணே, என் ஆளு கொம்பனைக் கூர்ந்து பாக்குறா. அவன் எப்படி இருக்கான்?"

உருட்டினாள். நல்ல எண்தான். அண்ணன் ஷஃபீக்கைப் பார்த்துத் தலையசைத்தார். "இப்ப நீ சொல்லலாம். எவ்வளவு உயிர் மிச்சம்?"

ஷஃபீக் தாளைப் பார்த்தபடி சொன்னான். "ரெண்டுக்கா. உப்பு தின்னுருச்சு. வந்ததிலேருந்து கொறைஞ்சுக்கிட்டே இருக்கு. என்னால சொல்ல முடியல."

கையிலிருந்த பகடையை அப்படியே மேசையில் வைத்தேன். என் வாள் எவ்வளவு மெதுவாக விழுந்தாலும் ஐந்துக்குக் குறையாமல் சேதம் செய்யும். முதலில் வெட்டு, அதற்குப் பிறகுதான் மந்திரம். வெட்டிலேயே கொம்பன் போய்விடுவான். பிணத்துக்கு வைத்தியம் பார்க்க உயிர்க்கையால் முடியாது. கையால் தொட்டாலோ நானும் உப்பு. வாளின் தட்டைப் பக்கத்தால் தட்டலாமா என்று கேட்டேன். அதற்கும் மூன்று சேதம் என்றார் அண்ணன். கையுறை போட்டுத் தொடலாமா என்றாள் சிந்துஜா. மந்திரம் கையுறைக்குள் போகும், கொம்பனுக்குள் போகாது என்றார். எல்லாவற்றுக்கும் அந்த மனிதரிடம் பதில் இருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"கடைசி நாள்ல வந்து இப்படி ஒரு பொறியை வைப்பீங்களாண்ணே? அந்தப் பையன் மூஞ்சியைப் பாருங்க!"

"பொறி இல்ல ரூபினி. உப்பு ஏறினா உயிர் கொறையும்னு போன வாரமே சொன்னேன். நீங்கதான் கேக்கல."

உண்மைதான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

"உன் முறை, ஷஃபீக்," என்றார். "இந்தச் சுத்து முடிஞ்சா உப்பு நெஞ்சுக்கு வந்துரும்."

ஷஃபீக் பகடையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் குலுக்கிக்கொண்டே இருந்தான். பிறகு விட்டான். அது மேசை நடுவில் சுற்றிச் சுற்றி, என் கோப்பிக் குவளையில் மோதி நின்றது. பத்தொன்பது!

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். "புத்தி வந்துருச்சு! கேடயத்தை எறக்குடா!" என்று நான். "ஓடிரு, வெளிய ஓடிரு!" என்று சிந்துஜா. ஆனால் கேடயத்தை இறக்கி என்ன, ஓடி என்ன? வாள் பட்டால் சாவு, படாவிட்டாலும் சாவு. ஷஃபீக் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. யசோதரன் அண்ணனின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, போன வாரம் அலகு குத்தினீங்கல்ல?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"எங்க வீட்டு முன்னாடிதான் ரதம் போவும். சின்ன வயசுலேருந்து வருசா வருசம் பாக்குறேன். எங்க அத்தா தண்ணி குடுப்பாரு, நான் கூட நிப்பேன். கன்னத்துல இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வேல் வரும். ஒரு சொட்டு ரத்தம் வராது. எத்தினி பேரைப் பாத்திருக்கேன்! உங்களையும் பாத்தேன். ரத்தம் வந்துச்சாண்ணே?"

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கொம்பன் கேடயத்தைக் கீழ போடுறான்," என்றான் ஷஃபீக். "தலைக்கவசத்தைக் கழட்டுறான். மின்னொளி முன்னால முட்டி போட்டு வாயைத் தெறந்து கன்னத்தைக் காட்டுறான். வாளை வீச வேணாம். நுனியால கன்னத்துல ஒரு குத்து. அலகு மாதிரி. அதுக்கு எவ்வளவுண்ணே சேதம்?"

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அடேய்! பிந்துலுவுக்குப் போகிற இந்தப் பொடியனுக்கு எங்கிருந்து வந்தது இந்த மூளை!

"அது வேல். இது வாள்," என்றார் அண்ணன்.

"நுனி நுனிதானேண்ணே!" என்று பாய்ந்தேன்.

"நீ சும்மா இரு ரூபினி. அலகு குத்திக்கிறவன் வெரதம் இருக்கான். மனசை ஒப்புக் குடுத்துட்டுத்தான் நிக்கிறான். அதனாலதான் ரத்தம் வர்றதில்ல. வெறும் நுனி மட்டும் இல்ல."

"கொம்பனும் மனசை ஒப்புக் குடுத்துட்டுத்தான் முட்டி போட்டிருக்கான்," என்றான் ஷஃபீக். "இந்த ஒரு நொடிதான் அவனுக்குச் சொந்தம். அவன் ஓடலாம். ஓடல. அக்காகிட்ட கன்னத்தைக் குடுத்துட்டான். இதுக்கு மேல எப்படிண்ணே ஒப்புக் குடுக்கிறது?"

யசோதரன் அண்ணன் கையை உயர்த்தி இடது கன்னத்தைத் தடவினார். அங்கே புள்ளியாக ஒரு தழும்பு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அவர் புத்தகத்தை எடுத்தார். எடுத்துவிட்டு, திறக்காமலே கீழே வைத்தார். இவரோடு ஆடத் தொடங்கியதிலிருந்து புத்தகத்தைத் திறக்காமல் அவர் தீர்ப்புச் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

"ஒண்ணு," என்றார். "ஊசிக் குத்துக்கு ஒரு சேதம்தான். ஆனா கேளு ரூபினி. அலகு குத்தி விடுறவருக்குக் கை நடுங்கக் கூடாது. பன்னெண்டோ அதுக்கு மேலயோ விழணும். விழுந்தா குத்து. அதுக்குக் கீழ வந்தா கை தவறிருச்சு, முழு வாளும் எறங்குது. பொலெ?"

முடியுமாவாம், பொலெயாம் பொலெ! பன்னிரண்டுக்குக் கீழே விழுந்தால் கொம்பனைக் கொன்றது நானாகிவிடுவேன். அவன் நம்பிக்கையோடு கன்னத்தைக் காட்டிக்கொண்டு முட்டி போட்டிருக்கும்போது! உருட்டாமல் விட்டால் உப்புதான் கொல்லும், பழி எனக்கில்லை. ஒரு கணம் அப்படிக்கூட நினைத்தேன்.

"குத்துக்கா," என்றான் ஷஃபீக். "நீங்கதானே? எனக்குப் பயமே இல்ல."

எனக்கு இருந்ததே! முருகா என்று உருட்டினேன். வேகம் கூடிப்போய்ப் பகடை மேசையைத் தாண்டிக் கீழே விழுந்து, பலகைத் தரையில் தடதடவென்று ஓடியது. நாலு பேரும் மேசைக்கடியில் தலையை விட்டோம். இருபது!

"இருபது! இருபதுடா!" என்று நான் குதிக்க, "தரையில விழுந்தா கணக்கில்ல," என்றார் அண்ணன்.

"அண்ணே!"

"என்னைக்கும் இல்ல. இன்னைக்கும் இல்ல."

அவரை அந்த ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டால் என்ன என்று நிஜமாகவே தோன்றியது. சிந்துஜா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பகடையைச் சட்டையில் துடைத்து என் கையில் வைத்து, "பல்லு புடுங்கறப்ப நான் என்ன செய்வேன் தெரியுமா? யோசிக்க மாட்டேன்," என்றாள். சரி என்று நானும் யோசிக்கவில்லை. விட்டேன். இந்தத் தடவை அது அதிக தூரம் போகவில்லை. ஷஃபீக்கின் தாள்மேலேயே உருண்டு நின்றது.

பதிமூன்று.

நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை. ஷஃபீக் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப்பார்த்தான், சிந்துஜா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளும்தான் கத்திக்கொண்டிருந்தாள். சீட்டு விளையாடியவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே கை தட்டினார்கள்.

"வாள்நுனி ஒரு கன்னத்துல நுழைஞ்சு மறு கன்னத்துல வருது," என்றார் யசோதரன் அண்ணன். அவர் குரலும் முன்போல் இல்லை. "ரத்தம் வரல. உயிர்க்கை எறங்குது. நெஞ்சுக்கிட்ட வந்த உப்பு பொலபொலன்னு கொட்டுது. விலா, இடுப்பு, முட்டி. கொம்பன் மூச்சு விடுறான். ஷஃபீக், உன் ஆளு பொழைச்சிட்டான்."

ஷஃபீக் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நான் அழவில்லை என்று பொய் சொல்லப் போவதில்லை. அழுதேன், மூக்கைச் சிந்தினேன், மந்திரம் அவனுக்கு எவ்வளவு உயிர் கொடுத்தது என்று அழுதுகொண்டே உருட்டிக் கூட்டினேன். கொம்பன் பழைய மலையாக எழுந்து நின்றான்.

அந்த நேரம் பார்த்துக் கீழே கார் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. பிறகு மரப்படிக்கட்டு அதிர அதிர ஷஃபீக்கின் மச்சான் மேலே வந்தார்.

"டேய், ஏர்போர்ட்டுக்குப் போகணும்னு நெனப்பிருக்கா இல்லையா? பாலத்துக்கிட்ட ஒரே ஜாம். கெரெத்தாவை நடுரோட்டுல போட்டுட்டு வந்திருக்கேன்!"

"மச்சான், உப்பரசி இன்னும் இருக்கா," என்றான் ஷஃபீக்.

"எந்த அரசியா இருந்தா எனக்கென்ன? கெளம்புடா!"

ஷஃபீக் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். யசோதரன் அண்ணன் கையை நீட்டினார். வழக்கம் அதுதான், ஊரைவிட்டுப் போகிறவர் தன் தாளைக் கதை சொல்கிறவரிடம் கொடுத்துவிட்டு, தன் ஆள் இனி எங்கே தங்குவான் என்று சொல்ல வேண்டும். ஷஃபீக் தாளை எடுத்தான். அவர் கையில் வைக்காமல், சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான்.

"அவன் எங்கயும் தங்க மாட்டான். இவங்ககூடவே போவான். அக்கா ஆடட்டும்."

"அப்படி வழக்கம் இல்லையே," என்றார் அண்ணன்.

"விதியில இருக்காண்ணே?"

அண்ணன் யோசித்தார். "விதின்னு ஒண்ணும் இல்ல. நானா வெச்சுக்கிட்டதுதான்."

"அப்ப அக்காவே ஆடட்டும். சத்திரம் கித்திரமெல்லாம் அவனுக்குத் தோதுப்படாது. அவன் சண்டை போடணும். அக்காவுக்குத்தான் அந்தக் கோவம் வரும்."

கோபக்காரி என்று என்னைச் சொல்லாதவர் இல்லை. அதை ஒரு தகுதியாக யாரும் சொன்னதில்லை. மச்சான் அவன் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தார். அவன் இரண்டு படி இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

யசோதரன் அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ரூபினி, கொம்பன் என்ன செய்றான்?"

எழுந்து நின்றேன். என் முன்னால் இரண்டு தாள்கள். "கீழ கெடக்கிற கேடயத்தை எடுக்கிறான். உப்பரசி வாயைத் தெறக்கிறதுக்கு முன்னாடி அவ மூஞ்சியிலேயே ஓங்கி ஒண்ணு விடுறான்!"

"அதான் கொம்பன்!" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "உருட்டுங்கக்கா, உருட்டுங்க!" அதற்குள் மச்சான் அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். தடதடவென்று இருவரும் இறங்கும் சத்தம் கேட்டது. உருட்டினேன். இந்தத் தடவை பகடை மேசையிலேயே நின்றது.

ஜன்னலுக்கு ஓடினேன். மரக் கதவைத் தள்ளித் திறந்து எட்டிப் பார்த்தேன். ஷஃபீக் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே ஏறாமல், மாடியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"எவ்வளவுக்கா?"

"பதினேழுடா! பட்டுருச்சுடா!"

அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் குதித்தான். பின்னால் மாட்டிக்கொண்ட வேன்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அடிக்கட்டுமே.